செருப்பு அலமாரிப் பக்கத்து அரசாங்கம்

பிரிக்பீல்ட்ஸில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கும் பிள்ளையார் கோயிலில் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் இரண்டுக்குப் பயப்பட வேண்டும். ஒன்று ராகுகாலம். இன்னொன்று நேசம்மா. ராகுகாலமாவது ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும்.

நேசம்மா அந்தக் கோயிலின் திருமணத் துணைப் பதிவாளர். மலேசியாவில் குருக்கள் மந்திரம் ஓதி, தாலி ஏறி, ஊரே திரண்டு அட்சதை போட்டாலும், பதிவேட்டில் கையெழுத்து விழாதவரை சட்டத்தின் கண்ணுக்கு மாப்பிள்ளை மாப்பிள்ளை இல்லை. பட்டு வேட்டி கட்டிய ஒரு பிரம்மச்சாரி, அவ்வளவுதான். அதற்காகவே கோயில்களில் ஒருவரை அரசாங்கம் நியமித்து வைத்திருக்கிறது. பல கோயில்களில் அந்த ஒருவர் சிரித்த முகமாக, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவார். நேசம்மா அப்படி இல்லை.

முப்பத்திரண்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே இந்தப் பதவிக்கான கடிதம் முத்திரையோடு வந்தபோது, அதைப் பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டார். பிறகு உடனே எடுத்துக் கூடத்தில் மாட்டினார். "அரசாங்கக் கடிதத்துக்குப் பூஜை அறையில என்ன வேலை?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாராம். கணவர் தியாகராசா இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

பக்தி இல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு. வெள்ளிக்கிழமை நகம் வெட்டமாட்டார். பூனை குறுக்கே போனால் மோனோரயிலைக்கூட விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவார். ஆனால் சேலை முந்தானையில் பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டால், அவர் அரசாங்கம். கடைசிக் கையெழுத்து விழும்வரை பிரசாதத்தைத் தொடமாட்டார். கோயில் தலைவர் காசிவிஸ்வநாதன் ஒருமுறை சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையோடு நீட்டி, "ஏன் மேடம், அரசாங்கத்துக்குப் பசிக்காதா?" என்று கேட்டார்.

"பசிக்கும் தலைவரே. ஆனா இப்ப வேணாம். அது வேற கவுண்டர்."

இந்த 'வேற கவுண்டர்' அவருடைய தாரக மந்திரம். தாலி ஒரு கவுண்டர், கையெழுத்து வேறு கவுண்டர். ஒன்றில் வரிசையில் நின்றவர் இன்னொன்றில் உரிமை கொண்டாட முடியாது.

முதலில் அவருடைய மேசை மண்டபத்துக்குள்ளேதான் இருந்தது, உண்டியலுக்குப் பக்கத்தில். அங்கே ஒரு தொல்லை. பதிவாளர் மணமக்களைப் பார்த்து, "சுய விருப்பத்தோடு சம்மதிக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டும். அது சட்டம். நேசம்மா கேட்பார். அந்த நேரம் பார்த்து சுங்கை பூலோவிலிருந்து வரும் தவில்காரர் அய்யாவு மண்டபமே அதிர அடிப்பார். மணப்பெண்ணின் வாய் அசையும், சத்தம் வராது. பின்னாலிருந்து நாலு அத்தைமார், "சம்மதம்தான், சம்மதம்தான், எழுதுங்க" என்பார்கள்.

"அத்தைங்க நாலு பேரையும் ஒரே மாப்பிள்ளைக்கு எப்படிம்மா பதியறது?" என்று நேசம்மா ஒருநாள் கேட்டார். அன்றைக்கு எழுந்து நின்று, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை உயர்த்தி, தவிலை நிறுத்தினார். நல்ல நேரம் முடிய நாலு நிமிடம் இருந்தது. பெரிய குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் குருக்களைப் பார்த்தார். அடுத்த வாரமே நிர்வாகக் குழு கூடி, 'ஆகம விதிகளுக்கு இடையூறாக உள்ள பதிவாளர் மேசையை மண்டபத்திலிருந்து அகற்றுவது' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.

மேசையைக் கொண்டுபோய்ச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று தலைவர் எதிர்பார்த்தார். நேசம்மா ஹார்ட்வேர் கடையில் ஒரு மஞ்சள் டேப் வாங்கி வந்தார். மண்டபப் படிக்கும் மேசைக்கும் நடுவே தரையில் நேராக ஒட்டினார். செருப்புக் காவலுக்கு இருக்கும் வள்ளியம்மாவிடம், "இதுக்கு அந்தப் பக்கம் பிள்ளையார், இந்தப் பக்கம் பதிவேடு. யாரும் குழப்பிக்க வேணாம்" என்றார்.

"அப்ப செருப்பு எந்தப் பக்கம்க்கா?"

நேசம்மா கொஞ்சம் யோசித்தார். "செருப்பு அரசாங்கத்தோட."

அங்கே போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. செருப்பு அலமாரிப் பக்கம் தவில் சத்தம் பாதிதான் வரும். மணமக்கள் சொல்வது காதில் விழுந்தது. செமினியிலிருந்து வந்த ஒரு பெண் அந்த மேசையில்தான், "இல்ல ஆன்டி, எனக்கு விருப்பம் இல்ல" என்றாள். முணுமுணுப்புதான். ஆனால் கேட்டது. நேசம்மா பதிவேட்டை மூடினார். அந்தப் பெண்ணை வள்ளியம்மாவின் முக்காலியில் உட்காரவைத்து, தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். சொந்தபந்தம் மஞ்சள் டேப்புக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியது. ஒருவர்கூட டேப்பைத் தாண்டவில்லை. ஏன் தாண்டவில்லை என்று அவர்களுக்கே தெரியாது. அந்தப் பெண் இப்போது நர்ஸாக இருக்கிறாள். தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறாள்.

பெற்றோர்களும் வருவார்கள். பிள்ளை யாரையோ பதிவு செய்யப் போகிறான், நிறுத்துங்கள் என்று. நேசம்மா விண்ணப்பப் பாரத்தை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். இருபத்தொரு வயது தாண்டிவிட்டால் பெற்றோர் சம்மதம் என்று ஒரு கட்டமே இல்லை.

"நான் பெத்த அப்பா!"

"சரி சார். ஆனா அப்பாவுக்குக் கட்டம் இல்ல. நான் எங்க எழுதுறது?"

இப்படி ஆறு வருடம் போயிற்று. பிறகு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், நல்ல மழையில், நேசம்மாவின் ஒரே மகன் ஜெயந்திரன் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"மா, ஒரு பாரம் குடுக்கணும்."

நேசம்மா நிமிராமல், மலாயில் 'மேடம்' என்பதற்கு 'புவான்' என்று போட்டிருந்த பெயர்ப் பட்டையை விரலால் தட்டிக் காட்டினார்.

"சரி. புவான், ஒரு பாரம் குடுக்கணும்."

யாரோ நண்பனுக்காக வந்திருக்கிறான் என்று நினைத்து வாங்கிப் படித்தார். மணமகன்: ஜெயந்திரன், வயது முப்பத்துமூன்று. அந்தப் பெயர் அவர் வைத்த பெயர். மணமகள்: மதுமிதா, வயது முப்பது. மணமகளின் தந்தை: காசிவிஸ்வநாதன்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். எழுத்து மாறவில்லை.

"இது எந்தக் காசிவிஸ்வநாதன்?"

ஜெயந்திரனுக்குப் பின்னால் ஒரு குடை மடங்கியது. "உங்க மேசைய இங்க தூக்கிப் போட்ட காசிவிஸ்வநாதன்தான் ஆன்டி" என்றாள் மதுமிதா. "எங்கப்பா."

வள்ளியம்மா கையிலிருந்த டோக்கன் கட்டைகள் கீழே சிதறின.

நேசம்மாவுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை. மாதாமாதம் நிர்வாகக் குழுவில் தன்னைப் பற்றிப் புகார் வாசிக்கும் மனிதனைச் சம்பந்தி என்று கூப்பிட வேண்டும்; பொங்கலுக்குப் பொங்கல் அவர் வீட்டுக்குப் போய், அவர் நீட்டும் தொன்னையைக் கை நீட்டி வாங்க வேண்டும். அந்தக் காட்சி கண் முன்னால் வந்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. மகன் தன்னிடம் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், ஊர் ஆட்கள் மாதிரி பாரத்தோடு வந்து நிற்கிறான்.

"வீட்டுல சொல்லியிருக்கலாம்ல?"

"நாலு தடவை சொல்ல வந்தேன். 'பதிவு விஷயம்லாம் வீட்டுல பேசாத, அது வேற கவுண்டர்'னு நீங்கதான் சொன்னீங்க."

"நோட்டீஸ் இருபத்தொரு நாள் பலகையில இருக்கணும் ஆன்டி," என்றாள் மதுமிதா. "இன்னிக்குக் குடுத்தா ஆனி மாசக் கடைசி முகூர்த்தத்துக்குச் சரியா வரும். அப்புறம் ஆடி பொறந்துரும்."

நேசம்மா இரண்டு அடையாள அட்டை நகல்களையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மழை இருட்டு. எதைப் பிடித்தாலும் மங்கலாகத்தான் தெரியும்.

"ஐசி நகல் தெளிவா இல்ல. நாளைக்கு வாங்க."

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். நகல் கண்ணாடி மாதிரி இருந்தது. "போட்டோவுக்குப் பின்னால நீலம் ரொம்ப வெளுப்பா இருக்கு" என்றார். புதன்கிழமை வந்தார்கள். போட்டோவில் நீலம் கடல் மாதிரி இருந்தது. "முகவரியக் கறுப்பு மையில எழுதியிருக்கணும். இது நீலம்."

"நேத்து நீலம் பத்தலன்னீங்க," என்றான் ஜெயந்திரன்.

"நாளைக்கு வாங்க."

அவன் அம்மாவையே பார்த்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி, புவான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மதுமிதா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வள்ளியம்மா செருப்புகளை அடுக்கியபடியே, யாரிடமோ சொல்வதுபோல, "நம்ம அரசாங்கம் இந்த மாதிரி அலைய விட்டதில்லையே" என்றாள்.

வீட்டில் தியாகராசா மெல்ல ஆரம்பித்தார். அவர் ரயில்வேயில் இருந்தவர். எதையும் நிதானமாகவே கொண்டுவந்து நிறுத்துவார். "என்னப்பா, பெடியன் கேக்கிறது நியாயம்தானே? மதுமிதா நல்ல பிள்ளை. எனக்கு ஒரு வருசமாத் தெரியும்."

நேசம்மா தெருவில் பேசுவது கோலாலம்பூர்த் தமிழ். கோபம் தலைக்கேறினால் மட்டும் பாட்டன் பூட்டன் கப்பலில் கொண்டுவந்த யாழ்ப்பாணத் தமிழ் வெளியே வரும். "ஒரு வருசமாத் தெரியுமோ? தெரிஞ்சு வாயப் பொத்திக்கொண்டு இருந்தனீங்களோ? உங்களுக்கென்ன விசரோ, பைத்தியமோ?"

தியாகராசா எழுந்து போய்த் தட்டைக் கழுவினார்.

அன்று இரவு ஜாதகத்தைத் தேடி எடுத்தபோது நேசம்மாவுக்கு ஒரு தெம்பு பிறந்தது. சட்டத்தில் இல்லாவிட்டால் என்ன, சாஸ்திரத்தில் இருக்கும். செட்டியார் வீட்டுப் பெண்ணுக்கும் சிலோன்காரப் பையனுக்கும் எங்கே பத்துப் பொருத்தமும் வந்துவிடப் போகிறது? மகனின் மேசை இழுப்பறையிலேயே பெண்ணின் ஜாதகமும் மடித்து வைக்கப்பட்டிருந்தது, அதற்கு ஒரு ரப்பர் பேண்டு வேறு.

வியாழக்கிழமை காலை, நடை திறந்ததும், பெயர்ப் பட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மஞ்சள் டேப்பைத் தாண்டிப் பெரிய குருக்களிடம் போனார்.

குருக்கள் இரண்டையும் விரித்து, விரல் கணுக்களில் எண்ணி, "பேஷ்" என்றார். "பத்துக்கு ஒன்பது இருக்கும்மா."

"மிச்சம் ஒண்ணு?" நேசம்மாவின் குரலில் ஆசை வழிந்தது.

"வசியப் பொருத்தம். அதைப் பெரிசாப் பாக்கறது இல்ல."

"கொஞ்சம் பெரிசாப் பாருங்களேன் சாமி."

குருக்கள் ஜாதகத்தை மடித்துக் கொடுத்தார். "தலைவரும் நேத்து சாயங்காலம் இதே ஜாதகத்தோட வந்து இதையேதான் சொன்னார். செவ்வாயத் தள்ளி வைக்க முடியுமான்னு கேட்டார். செவ்வாய் என்ன நிர்வாகக் குழு மேசையா, தள்ளி வைக்க?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இல்லாத தோஷத்த நான் எழுதினா பிள்ளையார் என்னைத்தான் கேப்பார். உங்க பக்கம் ஏதாவது சட்டம் இருக்கான்னு பாருங்கோ."

நேசம்மா வெளியே வந்தார். மேசைக்கு முன்னால், பொதுமக்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், காசிவிஸ்வநாதன் உட்கார்ந்திருந்தார். ஆறு வருடத்தில் அந்த டேப்பை அவர் தாண்டியது அதுதான் முதல் தடவை. கிள்ளானில் மூன்று கடை வைத்திருக்கும் மனிதர், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே உட்கார்ந்த மாணவன் மாதிரி முழங்காலில் கை வைத்திருந்தார்.

"மேடம், உங்களுக்கும் இது பிடிக்கலைன்னு கேள்விப்பட்டேன்."

நேசம்மா பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டார்.

"முப்பது வருசம் கவர்மெண்ட்டுல இருந்தவங்க. ஒரு ஓட்டை உடைசல்கூடவா தெரியாது?"

நேசம்மா ஆட்சேபப் பாரம் ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தார். கை கொஞ்சம் வேகமாகவே வைத்தது. "காரணம் எழுதணும். சும்மா எழுதக் கூடாது. ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்களா?"

"என் பொண்ணா? சேச்சே. உங்க மகன்?"

"அவன் எனக்குத் தெரியாம பல்லுகூட விளக்கினதில்ல..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். "இல்ல. வயசு இருக்கு. விலக்கப்பட்ட உறவுமுறை இருக்கா?"

"நீங்க யாழ்ப்பாணம், நாங்க காரைக்குடி. நடுவுல கடலே இருக்கு. வேற என்ன?"

"சித்த சுவாதீனம் இல்லாதவங்களா இருக்கணும்."

காசிவிஸ்வநாதனின் முகம் மலர்ந்தது. "அதப் போடுங்க! உங்க மகனைக் கட்டிக்கிறேன்னு சொல்றா. வேற என்ன ஆதாரம் வேணும்?"

"தலைவரே! உங்க வீட்டுக்கு மருமகனா வரேன்னு சொல்றானே, மொதல்ல அவனைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்!"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள். ஒரு ரயில் போயிற்று.

"இதெல்லாம் என்னாலதான் மேடம்," என்றார் காசிவிஸ்வநாதன் திடீரென்று. "இந்த மேசையத் தூக்கச் சொன்னேன்ல. ஆள் பத்தல. உங்க மகன் ஒரு முனையப் பிடிச்சான். நான்தான் எம்பொண்ணக் கூப்பிட்டு, மறுமுனையப் பிடின்னேன். அன்னிக்கு மேசைய வெச்சுட்டு அரை மணி நேரம் இங்கயே நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. வள்ளியம்மா சொல்லுது."

"முக்கா மணி நேரம்," என்றாள் வள்ளியம்மா அலமாரிக்குப் பின்னாலிருந்து.

காசிவிஸ்வநாதன் பேனாவைத் திறந்து, காரணம் என்ற இடத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். 'தகப்பனுக்கு விருப்பம் இல்லை.' எழுதிவிட்டுப் பாரத்தைத் திருப்பினார்.

நேசம்மாவின் வாய் யோசிக்காமல் திறந்தது. அது ஆறு வருடப் பழக்கம். "அப்பாவுக்குக் கட்டம் இல்ல சார்."

"சரி. அம்மாவுக்கு?"

நேசம்மா பாரத்தின் கட்டங்களைக் கடைசிவரை விரலால் தடவிப் பார்த்தார்.

"அம்மாவுக்கும் இல்லைன்னா, மூணு நாளா எதுக்கு மேடம் அந்தப் பிள்ளைங்களத் திருப்பித் திருப்பி அனுப்புறீங்க? நீலம் வெளுப்பா இருக்குன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" அவர் சண்டை பிடிக்கும் குரலில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "ஏன்னா, நானும் யோசிச்சேன். தலைவர்ங்கிற முறையில மண்டபத்தப் பூட்டிடலாம். பெயின்ட் அடிக்கிறோம்னு சொல்லிடலாம். சாவி என்கிட்டதான் இருக்கு. ராத்திரி பூரா கையில வெச்சுப் பாத்தேன். அது கோயில் சாவி. என் வீட்டுச் சாவி இல்லியே."

செருப்பு அலமாரிப் பக்கம் அந்த நேரம் தவில் சத்தம் எதுவும் இல்லை. எல்லாம் தெளிவாகக் கேட்டது.

நேசம்மா பதிவேட்டின் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். தூசி இல்லை. பிறகும் துடைத்தார். முப்பத்திரண்டு வருடத்தில் ஒருவர் பாரத்தையும் அவர் காரணம் இல்லாமல் திருப்பியது கிடையாது. மந்திரி வீட்டு ஆள் வந்தபோதும் வரிசையில் நிற்கவைத்தவர். அத்தைமார் நாலு பேர் சேர்ந்து கத்தியபோதும் அசையாதவர். கடைசியில் ஐந்தாவது அத்தையாகத் தானே வந்து நின்றிருக்கிறார், அதுவும் பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு.

"இந்தப் பாரத்த நான் வாங்க முடியாது தலைவரே" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு கைப்பேசியை எடுத்தார். "ஜெயா. இப்பவே வா. அவளையும் கூட்டிட்டு வா... போட்டோவா? எந்த நீலமா இருந்தாலும் பரவாயில்ல."

பத்து மணிக்கு இரண்டு பேரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார்கள். நேசம்மா பாரத்தை வாங்கினார், முத்திரை குத்தினார். பெயர்ப் பட்டையை நேராக்கிக்கொண்டார். "பதிவாளர் தரப்பில் ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம்."

"வருந்துகிறோம்னா? யாரு யாரு?" என்றான் ஜெயந்திரன்.

"நானும் மேசையும்."

மதுமிதா சிரித்தாள். ஆனால் நாள்காட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இன்றிலிருந்து இருபத்தொரு நாள் என்றால் ஆனியின் கடைசி முகூர்த்தம் மூன்று நாள் வித்தியாசத்தில் தவறிப்போகிறது. அதன் பிறகு ஆடி. ஆவணி வரை காத்திருக்க வேண்டும்.

"திங்கட்கிழமை தேதியப் போட முடியாதா?" என்று கேட்டது, இன்னும் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழாத காசிவிஸ்வநாதன். கேட்ட பிறகுதான் தான் எந்தப் பக்கம் பேசுகிறோம் என்று அவருக்கே உறைத்தது.

நேசம்மாவுக்கு ஆசைதான். மூன்று நாளைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். பேனா முனை தேதிக் கட்டத்தின் மேல் நின்றது. பிறகு வியாழக்கிழமைத் தேதியை எழுதினார். "திங்கட்கிழமை நான் வாங்கலையே. தப்பு என்னோடது. அத மறைக்கத் தேதிய மாத்தினா ரெண்டு தப்பு." மகனைப் பார்க்காமல், "ஒரு மாசம் பொறுத்துக்கப்பா" என்றார். 'புவான்' குரலில் அதைச் சொல்ல முடியவில்லை.

அறிவிப்பை அவரே எழுந்து போய்ப் பலகையில் குத்தினார். நாலு மூலைக்கும் நாலு ஊசி. இருபத்தொரு நாளும், அதற்கு மேலே ஆடி முழுவதும், பிரிக்பீல்ட்ஸே வந்து அதைப் படித்தது. பூக்கடைக்காரர் படித்தார். ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்ற வந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார்கள். அய்யாவு இரண்டு தடவை படித்துவிட்டு, "அன்னிக்குத் தவில் யாரு நிறுத்தறது? அம்மாவா, சம்பந்தியா?" என்று வள்ளியம்மாவிடம் பந்தயம் கட்டினார்.

வீட்டில் மட்டும் ஒரு மாற்றம். ஜெயந்திரன் எது கேட்டாலும், "அது வேற கவுண்டர்" என்று சொல்ல வாய் வந்து, நேசம்மா அதைக் கடித்து விழுங்கினார். ஒருநாள் அவரே கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு நம்ம தேங்காய்ப்பால் சொதி பிடிக்குமா?"

ஆவணியில் முகூர்த்தம் வந்தது. அன்றைக்கு நேசம்மா மேசையில் உட்காரவில்லை. பெற்ற தாய் அரசாங்கமாக இருக்க முடியாது என்று, கிள்ளானில் இருந்து லோகேஸ்வரி என்ற துணைப் பதிவாளரை வரவழைத்திருந்தார். நேசம்மாவிடமே வேலை கற்றவள். பெயர்ப் பட்டை இல்லாத பட்டுச் சேலையில் நேசம்மாவுக்குத் தோள் லேசாக இருந்தது. எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்த மாதிரியும் இருந்தது.

தாலி ஏறியது. மணமக்கள் படியிறங்கி, செருப்பு அலமாரியைத் தாண்டி, மேசைக்கு வந்தார்கள். அய்யாவு யாரும் சொல்லாமலே தவிலை நிறுத்தினார். பந்தயத்தில் இரண்டு பேருமே தோற்றதற்கு வள்ளியம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்பு.

"சுய விருப்பத்தோடு..." என்று லோகேஸ்வரி ஆரம்பித்தாள்.

"சத்தமாக் கேளும்மா. அது காதுல விழணும்" என்று நேசம்மா மேசையருகே குனிந்தார்.

லோகேஸ்வரி பேனாவைக் கீழே வைத்தாள். "ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. மஞ்சள் டேப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

கூட்டத்தில் யாரோ தும்மினார்கள். தும்மலாகத் தெரியவில்லை. நேசம்மா லோகேஸ்வரியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு அடி பின்னால் போய், டேப்புக்கு அந்தப் பக்கம் நின்றார். அங்கே ஏற்கெனவே காசிவிஸ்வநாதன் நின்றிருந்தார். கையில் ஒரு தொன்னை.

"இன்னிக்கு நீங்க அரசாங்கம் இல்ல," என்று நீட்டினார். "சாப்பிடலாம்."

சூடான சர்க்கரைப் பொங்கல். நெய் ஒழுகியது. நேசம்மா அதைக் கையில் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மேசையிலேயே வைத்திருந்தார். மகன் "சம்மதம்" என்றான். மதுமிதா "சம்மதம்" என்றாள். இரண்டும் தெளிவாகக் கேட்டது. முந்திரிப்பருப்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கண் கலங்கியதைப் பொங்கலின் சூட்டின் மேல் போட்டார்.

"சாட்சி ரெண்டு பேர் வாங்க" என்று லோகேஸ்வரி கூப்பிட்டாள்.

நண்பர்கள் யாரும் நகரவில்லை. ஜெயந்திரனும் மதுமிதாவும் திரும்பி, டேப்புக்கு அந்தப் பக்கம் பொங்கலோடு நிற்கும் இரண்டு பேரைப் பார்த்தார்கள்.

"எங்களையா?" என்றார் காசிவிஸ்வநாதன். "நமக்குத்தான் கட்டம் இல்லையே?"

"சாட்சிக்கு இருக்கு மாமா," என்றான் ஜெயந்திரன். "நீங்க சம்மதிக்கிறீங்களான்னு யாரும் கேக்க மாட்டாங்க. பாத்தீங்களான்னுதான் கேப்பாங்க."

"பாத்தேன், பாத்தேன். ரெண்டு மாசமா அதத்தான பாத்துக்கிட்டிருக்கேன்," என்றபடி அவர் போய் முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

நேசம்மா பேனாவை வாங்கக் கையை நீட்டினார். ஐந்து விரலிலும் நெய்.

"ஆன்டி," என்றாள் லோகேஸ்வரி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "கை கழுவிட்டு வாங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

நேசம்மா பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கால் கழுவும் குழாய்க்கு ஓடினார். கூட்டம் முழுவதும் காத்திருந்தது. பெரிய குருக்கள் படியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தார். அய்யாவு குச்சியைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

"நல்ல நேரம் முடிய நாலு நிமிசம்தான் இருக்கு மேடம்!" என்று காசிவிஸ்வநாதன் கத்தினார்.

"இருக்கட்டும் சம்பந்தி!" என்று குழாயடியிலிருந்து பதில் வந்தது. "இன்னும் ஒரு விரல்தான் பாக்கி!"